மாதிரி கிளைடரும் டர்பன் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு புல்வெளியில் எங்கள் மாதிரி கிளைடர் (தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் சிறு சறுக்கு விமானம்) கிளப் பறக்கிறது. புதிதாகச் சேர்பவர்களும், பிள்ளைகளை அழைத்து வருபவர்களும், வேடிக்கை பார்க்க வருபவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வானிலையைப் பற்றியவை. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை மாற்றாமல் வைத்து, விடைகளை எழுதியிருக்கிறேன்.

உங்கள் கிளப்பின் சீசன் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது?

களத்தை முழுவதுமாக மூடிவைக்கும் மாதம் என்று எங்களுக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆண்டு தெளிவாக இரண்டாகப் பிரிகிறது. மே முதல் ஆகஸ்ட் வரை உலர்ந்த குளிர்காலம்: காலைகள் அமைதியாக இருக்கும், மேலெழும் வெப்பக் காற்று மெலிந்திருக்கும், இடையிடையே தென்மேற்குக் காற்று திடீரென்று வந்து ஓரிரு நாள்களைக் கெடுக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை மழைக்காலம்: டர்பனில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது, வெப்பக் காற்று வலுவாக எழும், பிற்பகலில் இடியும் எழும்.

ஆகவே நாங்கள் மாதத்தைப் பார்ப்பதைவிட மணியைப் பார்க்கிறோம். டிசம்பரில் இங்கே காலை 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜூன் இறுதியில் 7 மணி நெருங்கும்போதுதான் உதிக்கும். கோடையில் விடிந்த கையோடு தொடங்கி 11 மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். குளிர்காலத்தில் புல்லின் பனி காயும்வரை காத்திருந்து, 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 2 மணி வரை பறக்கிறோம்.

மோட்டார் இல்லாத விமானம் எப்படி மேலேயே நிற்கிறது?

கிளைடர் தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல மாதிரி கிளைடர் அசைவற்ற காற்றில் நொடிக்கு அரை மீட்டர் அளவே இறங்கும். சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாக மேலெழுந்தால், கிளைடரும் அதோடு ஏறிவிடும். அப்படிக் காற்று மேலெழ இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்று ஒன்று; இதை எல்லோரும் தெர்மல் என்றே சொல்கிறோம். மலைச்சரிவில் மோதி வழியின்றி மேல்நோக்கித் திரும்பும் காற்று மற்றொன்று. எங்கள் களம் சமதளமானதால், முதல் வகையை நம்பித்தான் பிழைக்கிறோம். தொடக்க உயரத்துக்கு ரப்பர் கயிறு, மின் விஞ்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் பொறி), மூக்கில் மடங்கும் விசிறி கொண்ட சிறு மின்மோட்டார் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறோம்; சிறிய வகைகளை இறக்கை நுனியைப் பிடித்துச் சுழன்று கையாலேயே எறிந்துவிடுவதும் உண்டு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டி சொல்வார்கள். ஜூலை, ஆகஸ்டில் பறப்பது ஆபத்து இல்லையா?

பாட்டி சொன்னது தமிழ்நாட்டின் ஆடிக்குப் பொருந்தும். அங்கே அது தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சம். நாம் பூமத்திய ரேகையின் இந்தப் பக்கம் இருக்கிறோம். இங்கே ஆடி நடுக்குளிர்காலம், உள்நாட்டுப் பீடபூமியின்மேல் உயர் அழுத்தம் படுத்திருக்கும் காலம். புதிதாகக் கற்பவர்களுக்கு ஆண்டிலேயே மிக அமைதியான காலைகள் அப்போதுதான் கிடைக்கின்றன. நமக்குக் காற்று மாதங்கள் என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வசந்த காலமே.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி ஞாயிறுகளில் களத்தில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை. நல்ல வானிலை அந்த நாள்களில்தான் அமையும் என்று சிலர் குறைப்படுவது உண்டு. பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம், குறை தீர்ந்தது.

வானிலை அறிக்கையில் "நல்ல வெயில், 31 டிகிரி" என்றுதானே இருந்தது? பிறகு ஏன் பத்து மணிக்கே எல்லோரையும் இறக்கிவிட்டீர்கள்?

குளிர்காலத்தில் 31 டிகிரி என்று அறிக்கை சொன்னால் எங்களுக்கு அது எச்சரிக்கை. அந்த வெப்பம் பெர்க் காற்றின் வேலை. உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து கடலை நோக்கிச் சரியும் காற்று, இறங்க இறங்க அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி கூடும். குளிர்ந்திருக்க வேண்டிய ஜூலை நாள் சித்திரை நாள்போலக் கொதிப்பதும், உதடு வெடிப்பதும் இதனால்தான்.

பெர்க் காற்று தனியாக வருவதில்லை. தென்மேற்கிலிருந்து குளிர் முகப்பு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று நெருங்கும்போது, அதற்கு முன்னோடியாகக் கரையை ஒட்டி ஒரு சிறிய தாழ்வழுத்தம் வடகிழக்கு நோக்கி நகரும். அந்தத் தாழ்வழுத்தத்தின் முன்புறம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அதுவே பெர்க் காற்று. தாழ்வழுத்தம் நம்மைக் கடந்த கணத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பும். இந்தத் திருப்பம் படிப்படியாக நிகழ்வதில்லை. சில நிமிடங்களுக்குள் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் சரியும், தாழ்ந்த மேகம் கரையோரமாக ஓடிவரும், மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் வீச்சுகள் அடிக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கிளைடர் 200 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது இது நேர்ந்தால், அது முன்னோக்கிப் பறந்தாலும் நிலத்தைப் பொறுத்தவரை பின்னோக்கியே போகும்.

எனவே இந்தக் கரையின் வானிலையைக் கணிக்கவே முடியாது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. வடகிழக்குக் காற்று வலுப்பது, பெர்க் காற்று, சிறிது நேரம் அசைவற்ற வெப்பம், தென்மேற்கு, தூறல், மீண்டும் தெளிவு என்ற வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. எந்த மணிக்கு எது என்பதுதான் தெரியாது. பத்து மணிக்கு நிறுத்தியது, வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்ததால்.

தென்மேற்குக் காற்று வரப்போவதை முன்கூட்டியே எப்படி அறிவது?

அது கரையோரமாக ஏறி வருவதால், நமக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும். ஈஸ்ட் லண்டனில் காற்று திரும்பிவிட்டது என்றால் நமக்கு இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. போர்ட் ஷெப்ஸ்டோனில் திரும்பிவிட்டது என்றால் விமானங்களைப் பெட்டியில் வைக்கத் தொடங்க வேண்டும். விமான நிலையங்களின் காற்று அளவீடுகளைக் கைப்பேசியில் பார்க்கலாம். அங்கே உறவினர் இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு அதைவிட நம்பகமானது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் அத்தை உம்ஸிண்டோவில் துணி காயப்போடும் கொடியைப் பார்த்துச் சொல்லும் செய்தி இதுவரை எங்களைக் கைவிட்டதில்லை.

களத்தில் நிற்கும்போது ஏமாற்றுவது அந்த அசைவற்ற இடைவேளை. ஒவ்வொரு தெளிந்த காலையிலும் இரவின் நிலக்காற்று ஓய்ந்து, கடல் காற்று தொடங்குமுன் ஓர் அமைதி வரும். அது நல்ல அமைதி, வெப்பக் காற்றைத் தேட ஏற்ற வேளை. பெர்க் காற்று நின்று தென்மேற்கு வருமுன்னும் ஓர் அமைதி வரும். இரண்டையும், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பையைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அழுத்தமானியைப் பாருங்கள்: முந்தைய சில மணி நேரமாக அழுத்தம் தொடர்ந்து இறங்கியிருந்து, காற்று உலர்ந்து, வெப்பம் பருவத்துக்கு ஒவ்வாததாக இருந்தால், அது இரண்டாவது அமைதி. அப்போது ஏற்றக்கூடாது.

எவ்வளவு வேகக் காற்று வரை பறக்கலாம்?

எங்கள் கள விதி இது: பயிற்சியில் இருப்பவர்களுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வரை, தனித்துப் பறக்கத் தேர்ந்தவர்களுக்கு 30 வரை, அதற்கு மேல் சமதளத்தில் யாருக்கும் இல்லை. சராசரி வேகத்தைவிட வீச்சுக்கும் தணிவுக்கும் உள்ள இடைவெளி முக்கியமானது. சீராக 20 வீசும் கடல் காற்றில் ஒரு பள்ளி மாணவன் பத்திரமாக இறக்கிவிடுவான். 8க்கும் 28க்கும் இடையே ஊசலாடும் காற்றில் கைதேர்ந்தவரும் இறக்கையை முறித்துக்கொள்வார்.

பன்னாட்டுப் போட்டி விதிகளும் வகைக்கு வகை வேறுபடுகின்றன. கையால் எறியும் எஃப்3கே வகையில், ஒன்றரை மீட்டர் இறக்கைக்கும் 600 கிராம் எடைக்கும் மேற்படாத விமானங்களுக்கு, நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர், எல்லை. மலைச்சரிவில் வேகத்துக்காகப் பறக்கும் எஃப்3எஃப் வகையிலோ நொடிக்கு 3 மீட்டருக்குக் குறைந்தால் போட்டி நடக்காது. 25 மீட்டர் வரை நடக்கும்.

காற்று பலமாக இருந்தால் எடையைக் கூட்டுகிறார்களே, எடை கூடினால் விழுந்துவிடாதா?

விழாது; வேகமாகப் பறக்கும். இறக்கையின் பரப்பு மாறாமல் எடை 20 விழுக்காடு கூடினால், அதே சாய்வில் பறக்கும் வேகம் சுமார் 10 விழுக்காடு கூடும். எதிர்காற்றில் முன்னேற அந்தக் கூடுதல் வேகம் தேவை. விலையாக, இறங்கும் வீதமும் கூடுகிறது, தரையைத் தொடும் வேகமும் கூடுகிறது. ஈய அல்லது பித்தளைத் துண்டுகளை ஈர்ப்பு மையத்தில் மட்டுமே வைக்க வேண்டும். மூக்கிலோ வாலிலோ செருகினால் விமானத்தின் குணமே மாறிவிடும். மேலும், முந்தைய விடையில் சொன்ன 30 கிலோமீட்டர் எல்லை எடை சேர்த்த விமானத்துக்கும் பொருந்தும்.

இடி மேகம் தூரத்தில்தானே இருக்கிறது, தலைக்கு மேலே நீல வானம். இன்னும் ஒரு முறை ஏற்றினால் என்ன?

மின்னல் தான் பிறந்த மேகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் விழக்கூடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால், அன்றைய பறத்தல் நின்றுவிடும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே மீண்டும் தொடங்கலாம். மரத்தடி அடைக்கலமாகாது, மூடிய காருக்குள் உட்காருங்கள். திறந்த வெளியில் கார்பன் இறக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

இன்னொரு காரணமும் உண்டு. மழை கொட்டும் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் பரவும். மழை நம்மை அடையுமுன்பே அந்த வீச்சு நம்மை அடைந்துவிடும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் மேகம் காற்றைத் தன்பால் உறிஞ்சுவதால், எங்கே திருப்பினாலும் விமானம் ஏறிக்கொண்டே போகும். புதியவர்கள் இதைத் தங்கள் திறமை என்று எண்ணி மகிழ்வார்கள். எங்கும் ஏற்றம் கிடைக்கும் கோடை நாளில், இறக்கையில் உள்ள தடுப்புப் பலகைகளை முழுதாகத் திறந்து உடனே இறக்குவதே சரி.

பருந்து வட்டமிடும் இடத்துக்குப் போனால் தெர்மல் கிடைக்குமா? பருந்து தாக்காதா?

கிடைக்கும். ஆகஸ்ட் வாக்கில் வடக்கிலிருந்து வந்து மார்ச் வரை தங்கும் மஞ்சள் அலகுப் பருந்துகள் எங்களுக்கு நல்ல வழிகாட்டிகள். ஆனால் சிறகடிக்கும் பருந்தைப் பின்தொடர வேண்டாம்; அது இரை தேடுகிறது. சிறகை அசைக்காமல் வட்டத்துக்கு வட்டம் உயர்கிறதா என்று பாருங்கள். அது சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்றுங்கள், அதற்குக் கீழேயே இருங்கள். பருந்து பொதுவாகப் பொருட்படுத்தாது. கூடு கட்டும் பருவத்தில் பெரிய கழுகுகள் மட்டும் சில நேரம் மோத வரும். அப்போது இடத்தை விட்டு விலக வேண்டியவர் நீங்கள்தான்.

கரும்பு எரிக்கும் புகையில் நன்றாக ஏறுமாமே?

ஏறும். அறுவடைக் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி டிசம்பர் வரை நீள்வதால், எரியும் தோட்டம் கண்ணில் படாத வாரம் குறைவு. ஆனால் நெருப்பின்மேல் எழும் காற்று கொந்தளிப்பானது. புகைக்குள் போன விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியாது. எரிந்த தோகை இறக்கையில் விழுந்தால் மேலுறை பொத்துவிடும். நெருப்பு அணைந்து கறுத்த நிலம் வெயிலில் கிடக்கும் மறுநாள்தான் பயன் தருவது; அதைப் போன்ற தெர்மல் ஊற்று எங்கள் பகுதியில் வேறில்லை.

பெர்க் காற்று வீசும் நாளில் நிலைமை தலைகீழ். உலர்ந்த புல்லில் விழுந்து நசுங்கிய லித்தியம் பேட்டரி ஒரு தோட்டத்தையே எரிக்கக்கூடும். தீ அபாய நிலை ஆரஞ்சு அல்லது சிவப்பு என்று அறிவிக்கப்பட்ட நாளில் மின்மோட்டார் விமானங்களை நாங்கள் அனுமதிப்பதில்லை.

விமானம் கரும்புக்குள் விழுந்துவிட்டால்?

முதலில், விழுந்த திசையில் தொலைவில் தெரியும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ மனத்தில் குறித்துக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு அசையாதீர்கள். வேறொருவர் உள்ளே நடக்க, நீங்கள் கையைக் காட்டி வழிப்படுத்துங்கள். இரண்டு ஆள் உயரக் கரும்புக்குள் போனவருக்கு எதுவும் தெரியாது. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் ஒரே வரிசையைப் பிடித்து நடப்பதைக் கற்றுத் தருவார்கள். டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடித்து விமானத்தை ஓட்டும் பெட்டியை) அணைக்க வேண்டாம். அதன் குச்சியை அசைத்தால், விமானத்தின் அசையும் பகுதிகளைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவின் ஓசை கேட்கும். கரும்பில் எலி மிகுதி, எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். நீண்ட காலுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

காரில் வைத்திருந்த விமானத்தின் இறக்கை ஏன் முறுக்கிக்கொண்டது?

வெயிலில் பூட்டிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சாதாரண எபாக்சிப் பசை அந்த அளவில் இளகத் தொடங்கும், நுரைப்பொருளும் உருமாறும். வெள்ளி நிற உறையைப் போடுங்கள், கண்ணாடியைச் சற்றுத் திறந்து வையுங்கள், பேட்டரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

என் பேரனுக்கு 11 வயது. எப்போது அழைத்து வரலாம், அய்யா?

மே முதல் ஜூலை வரை எந்தச் சனிக்கிழமை காலையிலும் அழைத்து வாருங்கள். விமானம் வாங்க வேண்டாம். கிளப்பின் நுரை விமானத்தை, இரட்டை டிரான்ஸ்மிட்டர் இணைப்பில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க ஓட்டுவான். தொப்பி மட்டும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பறக்கக்கூடாதா? இதற்கு அனுமதி வேண்டுமா?

நம் பகுதியில் இது வெறும் சம்பிரதாயம் அன்று. 2010இல் லா மெர்சியில் திறக்கப்பட்ட கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையம் வெருலத்துக்கும் டொங்காட்டுக்கும் மிக அருகில் இருக்கிறது. தென் ஆப்பிரிக்கச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் விமான நிலையங்களுக்கு அருகிலும், மக்கள், கட்டடங்கள் ஆகியவற்றுக்கு நெருக்கத்திலும் பறப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. கிளப் களத்தில் பறப்பதன் பெரிய நன்மை, உயரமும் எல்லையும் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதுதான். மேலும், பூங்காவில் காற்று திரும்பினால் அதைக் கவனித்துச் சொல்ல ஆள் இருக்காது.

ஜோஹன்னஸ்பர்க்கில் என் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது அதே விமானத்தை அதே அமைப்பில் பறக்கலாமா?

பறக்கலாம், ஆனால் இறக்கும்போது வியப்பீர்கள். ஏறத்தாழ 1750 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. அதனால் அதே எடையுள்ள விமானம் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதல் வேகத்தில் வந்து இறங்கும். இறங்குபாதையை நீளமாக அமைத்துக்கொள்ளுங்கள், சேர்த்த எடையை எடுத்துவிடுங்கள். அங்கே தெர்மல் நம்முடையதைவிட வலுவானது, கடல் காற்று வந்து அதைக் கொல்வதும் இல்லை. ஆனால் கோடைப் பிற்பகல் இடி ஆலங்கட்டியோடு வரும். மேலே இடி மேகத்தைப் பற்றிச் சொன்னவை அங்கே இரு மடங்கு பொருந்தும். வழியில் வொல்க்ஸ்ரஸ்டில் இறங்கினால், சரிவில் பறக்கும் கலையையும் பார்த்துவிடலாம். மலைச்சரிவுப் பறத்தலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

போட்டியின் நடுவே காற்று மாறினால், நல்ல காற்றில் முதலில் பறந்தவனுக்குத்தானே லாபம்?

அதைத் தவிர்க்கத்தான் குழு மதிப்பெண் முறை இருக்கிறது. ஒரே நேரத்தில் பறக்கும் குழுவில் சிறந்தவருக்கு 1000 புள்ளிகள். மற்றவர்களுக்கு அவரை ஒப்பிட்டு விகிதப்படி. காலை அமைதியில் பறந்த குழுவும் பிற்பகல் கொந்தளிப்பில் பறந்த குழுவும் நேரடியாக ஒப்பிடப்படுவதில்லை. மின்மோட்டார் வகையான எஃப்5ஜேயில் இன்னொரு நுட்பம் உண்டு: மோட்டார் அதிகபட்சம் 30 நொடி; ஏறிய ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி குறையும், 200 மீட்டரைத் தாண்டினால் மீட்டருக்கு மூன்று புள்ளி குறையும். ஆகவே வானிலையைப் படிக்கத் தெரிந்தவர் 60 மீட்டரில் மோட்டாரை நிறுத்திவிட்டு வெல்வார். தெரியாதவர் உயரத்தை விலைக்கு வாங்குவார்.

குழு பறந்துகொண்டிருக்கும்போதே காற்று திரும்பினால், அந்தச் சுற்றை நீக்கிவிட்டு மீண்டும் நடத்துவது எங்கள் வழக்கம். போட்டி முழுவதும் ரத்தானால் நுழைவுக் கட்டணம் அடுத்த போட்டிக்குச் செல்லும். மதிய உணவுப் பணம் மட்டும் திரும்பாது, பிரியாணி ஏற்கெனவே வெந்துவிட்டிருக்கும்.

பொறுப்பாளர் நிறுத்தச் சொன்னார். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்தும் காற்று வரவில்லை. அவர் தவறாகத்தானே முடிவெடுத்தார்?

இல்லை. மேலே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள்: அவருக்குத் தெரிந்தது அடுத்து வருவது தென்மேற்கு என்பதே, மணி யாருக்கும் தெரியாது. கரையோரத் தாழ்வழுத்தம் சில நேரம் வழியில் மெலிந்துவிடும், சில நேரம் தங்கி நிற்கும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனைச் சூழ்ந்த மழையை நினைவு வைத்திருப்பவர்கள், ஒரு நாளுக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் என்று முந்தைய வாரம் யாரும் எண்ணியிருக்கவில்லை என்பதையும் நினைவு வைத்திருப்பார்கள்.

அன்றன்றைய பொறுப்பாளரின் சொல்லே இறுதி. களத்தில் அதை விவாதிப்பதில்லை, தேநீர் வேளையில் விவாதிக்கலாம். அவர் நிறுத்தியபின் காற்று வராமல் போன நாள்களையும் பதிவேட்டில் எழுதுகிறோம்: அழுத்தம், வெப்பம், தெற்கேயிருந்து வந்த செய்தி, நிறுத்திய மணி. நீங்கள் பொறுப்பாளராகும் முறை வரும்போது முதலில் படிக்க வேண்டியவை அந்தப் பக்கங்கள்தான். ஏடு கருவிப் பெட்டியின் மேல் தட்டில் இருக்கிறது.